கூரைக்குள் தொலையும் குளிர்

பினாங்குப் பாலத்தின் தீவுப் பக்க முனை கெலுகோரில் இருக்கிறது. சுங்கை நிபோங் நிலையத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் கிளம்பும் விரைவுப் பேருந்துகளில் பெரும்பாலானவை இங்கேதான் பாலம் ஏறுகின்றன. பிற்பகல் பேருந்து ஒன்றில் உட்கார்ந்து சுற்றிப் பாருங்கள். முன்வரிசைப் பெண்மணி தலைக்கு மேலுள்ள காற்றுவாயில் டிஷ்யூ தாளைச் சுருட்டி அடைத்துவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்கிறார். நடுவில் ஒருவர் போர்வைக்குள் சுருண்டிருக்கிறார். பின்னால் உட்கார்ந்திருக்கும் இளைஞர் கையிலிருக்கும் பயணச்சீட்டால் விசிறிக்கொள்கிறார். இயந்திரம் ஒன்றுதான், கூரையும் ஒன்றுதான். கேட்டால், "ஏர்கோன் கேஸ் குறைஞ்சிருக்கும்" என்பார்கள். வீட்டிலும் காரிலும் பேருந்திலும் குளிர் போதாதபோதெல்லாம் நாம் சொல்லிப் பழகிய விளக்கம் அது.

கேஸ் குறைவதும் உண்டுதான். ஆனால் குளிர் உற்பத்தியாகாமல் இருப்பது ஒரு நோய், உற்பத்தியான குளிர் ஆளிடம் வந்து சேராமல் இருப்பது வேறொரு நோய். இரண்டாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது.

இந்த நோயை மிகத் தெளிவாகப் பார்க்கக் கிடைப்பது சக்கர வீடுகளில். அமெரிக்காவில் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் இழுவை வீடுகள் ஏராளம். நம் நாட்டில் வேனையே வீடாக மாற்றும் கேம்பர்வேன்களைத்தான் கூடுதலாகப் பார்க்கிறோம். பேருந்து, இழுவை வீடு, கேம்பர்வேன் மூன்றும் ஒரே குடும்பம். குளிர்சாதனப் பெட்டி கூரையின் மேல் உட்கார்ந்திருக்கிறது, காற்றுக்குழாய் கூரைத் தகட்டுக்கு அடியில் ஓடுகிறது, தகடு வெயிலில் காய்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. பேருந்தின் கம்ப்ரஸரைப் பெரும்பாலும் எஞ்சினே சுழற்றுவதால் கொஞ்சம் குளிர் வீணானாலும் ஓட்டிக்கொண்டு போய்விடலாம். இழுவை வீட்டுக் கூரையில் வழக்கமாக இருப்பது மணிக்கு 13,500 பிடியூ திறனுள்ள பெட்டி. ஏறத்தாழ 4 கிலோவாட் குளிர்விப்பு, அதுவும் மின்சாரத்தில். அங்கே கால்வாசிக் குளிர் கூரைக்குள் போனால் அன்றிரவுத் தூக்கமும் போய்விடும்.

குளிர்சாதனம் எதற்காகப் பிறந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், நம் ஊரில் இந்தக் கசிவு ஏன் கூடுதல் கேடு என்பது புரியும். 1902இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி அச்சகம் ஒன்றுக்காக வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வரைந்த திட்டத்தையே நவீனக் குளிர்சாதனத்தின் தொடக்கம் என்கிறார்கள். அச்சகத்தாரை வாட்டியது ஈரம். ஈரக்காற்றில் தாள் விரிந்து, உலர்ந்தால் சுருங்கியது. ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் சரியாக உட்காரவில்லை. குளிர்ந்த குழாய்ச் சுருளின் மேல் காற்றை ஓட்டி, அதிலிருந்த நீராவியைத் தண்ணீராக இறக்கிவிடுவதுதான் கேரியரின் வழி. காற்றின் சூடு தணிந்தது அதனோடு கூட வந்த பலன்.

பினாங்கில் வெளிக்காற்றைக் குளிர்விக்கும்போது, குளிர்சாதனம் இன்றும் பாதிக்கு மேல் இந்த நீர்வேலையைத்தான் செய்கிறது. ஒரு கணக்குப் போடலாம். கெலுகோரில் ஒரு பிற்பகல், வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 70 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றின் ஒவ்வொரு கிலோவிலும் 21 கிராம் நீராவி இருக்கும். குளிர்ச்சுருளைத் தாண்டி 13 டிகிரியில் வெளிவரும் காற்றில் 9 கிராம் சொச்சம்தான் நிற்க முடியும். மீதி 12 கிராமும் சுருளின் மேல் தண்ணீராக இறங்கியாக வேண்டும். ஒரு கிலோ காற்றின் வெப்பநிலையை இறக்க 19 கிலோஜூல் வெப்பத்தை எடுத்தால் போதும். அந்த 12 கிராம் நீராவியைத் தண்ணீராக்க ஏறத்தாழ 29 கிலோஜூல் எடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 48. ஏற்கெனவே குளிர்ந்த அறையிலிருந்து, 25 டிகிரியும் 55 விழுக்காடு ஈரப்பதமுமாகத் திரும்பி வரும் காற்றுக்கோ மொத்தமே 16 கிலோஜூல் போதும். வெளிக்காற்று ஒரு கிலோ உள்ளே நுழைவது, சுருளுக்கு மூன்று கிலோ அறைக்காற்றின் சுமை.

கசிவு இரண்டு பக்கம் நடக்கலாம். குளிர்ந்த காற்று போகும் பக்கம் ஓட்டை இருந்தால் குளிர் வெளியே ஓடுகிறது. எல்லோருக்கும் தெரிந்தது இதுதான். திரும்பு காற்றை உறிஞ்சும் பக்கம் ஓட்டை இருந்தால் கூரைக்குள் கிடக்கும் கொதிக்கும் காற்று உள்ளே இழுபடுகிறது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் மோசம். வெயிலில் நிற்கும் வண்டியின் கூரைத் தகடு 60 டிகிரியைத் தாண்டும். தகட்டுக்கு அடியில் அடைபட்ட காற்று 55 டிகிரி என்று கொள்வோம். 26 டிகிரியில் திரும்பி வரும் காற்றோடு அதில் பத்தில் ஒரு பங்கு கலந்தால் போதும், சுருளுக்குப் போகும் கலவை 29 டிகிரியை நெருங்கிவிடும். ஒரு கதவையும் திறக்காமல், ஓர் ஆளையும் கூடுதலாக ஏற்றாமல், மூன்று டிகிரி போய்விட்டது.

முதல் வகைக் கசிவுக்குள்ளும் இரண்டாவது ஒளிந்திருக்கிறது. குளிர்காற்றில் ஒரு பகுதி கூரைக்குள் நழுவி வண்டிக்கு வெளியே போய்விடுகிறது என்றால், உறிஞ்சுவாய் அறையிலிருந்து எடுத்த அளவு அறைக்குத் திரும்பி வரவில்லை. அறைக்குள் அழுத்தம் கொஞ்சம் இறங்குகிறது. கதவின் ரப்பர், சன்னலின் விளிம்பு, தரையில் கம்பி நுழைந்த துளை என எல்லா இடுக்குகளின் வழியாகவும் வெளியிலிருந்து ஈரக்காற்று நுழைந்து அந்தக் குறையை நிரப்புகிறது. மூன்று மடங்கு சுமையுள்ள அந்தக் காற்றுதான். ஒரு லிட்டர் குளிர்காற்றை இழந்தவர் அதன் இடத்தில் ஒரு லிட்டர் மழைக்காலக் காற்றையும் வாங்கிக்கொள்கிறார்.

இழுவை வீட்டின் கூரைப் பெட்டியில் இந்த இரண்டு பக்கங்களும் ஒரே துளைக்குள் குடியிருக்கின்றன. கூரையில் சுமார் 14 அங்குலச் சதுரத்துக்கு ஒரு வாய் வெட்டியிருப்பார்கள். அதன் ஒரு பாதி வழியாக அறைக்காற்று மேலே போகிறது, மறுபாதி வழியாகக் குளிர்காற்று இறங்குகிறது. நடுவில் ஒரு தடுப்பு. தொழிற்சாலையில் அவசரமாகச் செருகிய தகடோ, டேப் ஒட்டிய அட்டையோ பல வண்டிகளில் அந்தத் தடுப்பாக இருக்கும். அதில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் யாருக்கும் தெரியாது. இறங்கி வந்த குளிர்காற்று, பக்கத்திலேயே உறிஞ்சல் இருப்பதால், அறையை எட்டிப் பார்க்காமலே திரும்பிப் போகிறது. குளிர்ந்த காற்றே மறுபடி மறுபடி சுருளின் மேல் பட, சுருள் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகிறது. அதன் மேல் இறங்கிய ஈரம் பனிக்கட்டியாகிறது. பனி தகடுகளின் இடைவெளியை அடைக்க, காற்று இன்னும் குறைய, பனி இன்னும் வளர்கிறது. கீழே புழுங்கிக்கொண்டிருப்பவர் தெர்மோஸ்டாட்டை இன்னும் இரண்டு டிகிரி குறைக்கிறார். மேலே கட்டியாக நிற்கும் பனியைப் பார்க்காமலே, பெட்டி பழையதாகிவிட்டது, பெரியது ஒன்று வாங்க வேண்டும் என்று முடிவுக்கு வந்துவிடுகிறார். பெரிய பெட்டி வந்தால் அதே தடுப்பின் மேல் அழுத்தம் கூடும், கசிவும் கூடும்.

எவ்வளவு சின்ன இடைவெளி எவ்வளவு காற்றைக் கொண்டுபோகும்? குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் வெளியைவிட 25 பாஸ்கல் கூடுதல் என்போம். வளிமண்டல அழுத்தம் 1,01,325 பாஸ்கல் என்பதோடு ஒப்பிட்டால் 25 என்பது ஒன்றுமேயில்லை. ஆனாலும் அந்த அழுத்தத்தில் ஓர் இடைவெளி வழியே காற்று விநாடிக்கு ஆறு மீட்டருக்கு மேல் பீய்ச்சிக்கொண்டு வரும். காற்றுவாயின் சட்டத்துக்கும் குழாய்க்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் சந்து, சுற்றிலும் அரை மீட்டர் நீளம் என்று வையுங்கள். பரப்பு பத்துச் சதுர சென்டிமீட்டர். விளிம்பில் காற்று குறுகிப் போவதையும் கணக்கில் சேர்த்தால், விநாடிக்கு நான்கு லிட்டர் அதில் போய்விடும். வண்டியில் பத்துக் காற்றுவாய்கள் இருந்தால் 40 லிட்டர். பெட்டி தள்ளுவதே விநாடிக்கு 150 லிட்டர் அளவுதான். கால் பங்குக்கு மேல் போயிற்று. வீடுகளிலும் கதை இதுதான். அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டம், ஒரு சராசரி வீட்டின் குழாய்களில் ஓடும் காற்றில் 20 முதல் 30 விழுக்காடு கசிவிலும் சரியாகப் பொருத்தாத இணைப்பிலும் வீணாவதாகச் சொல்கிறது.

காற்றோட்டம் குறைவதற்குக் கசிவு மட்டும் காரணமல்ல, வளைவும் காரணம். காற்று ஒரு மூலையைச் செங்குத்தாகத் திரும்பச் சொன்னால் திரும்பும், ஆனால் சுழன்று, தன்னோடு தானே உரசி, ஆற்றலை இழந்துவிட்டுத் திரும்பும். விநாடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் ஓடும் காற்றின் இயக்க அழுத்தம் 15 பாஸ்கல். செங்குத்தான மூலை அதற்கு மேலேயே விழுங்கிவிடும். அதே மூலையில் அட்டையையோ நுரைப்பலகையையோ சாய்வாக வைத்து வளைவாக்கினால் இழப்பு நான்கைந்து பாஸ்கலுக்கு இறங்கும். 25 பாஸ்கலை நம்பி ஓடும் அமைப்பில் இது சின்ன மிச்சமல்ல. கூரைப் பெட்டியிலிருந்து இறங்கும் காற்று நேராக ஒரு தட்டையான அட்டையில் மோதி, அங்கிருந்து இருபுறமும் பிரிவதுதான் பல வண்டிகளின் அமைப்பு. மோதும் இடத்தில் இரண்டு சாய்வுப் பலகைகள் வைத்தாலே வித்தியாசம் கையில் தெரியும். வளையும் குழாய் போட்டிருந்தால் அதை இழுத்து நீட்டிக் கட்ட வேண்டும். சுருக்கம் சுருக்கமாகத் தொய்ந்து கிடக்கும் குழாயில் காற்றுக்கான தடை பல மடங்கு ஏறிவிடும்.

பேருந்தின் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் உள்ள வேறுபாட்டுக்கு வருவோம். விசிறிக்குப் பக்கத்தில் இருப்பவருக்குக் காற்று அதிகம், தூரத்தில் இருப்பவருக்குக் குறைவு என்றுதான் யாரும் நினைப்போம். எப்போதும் அப்படியில்லை. குழாயில் வேகமாக ஓடும் காற்று, பக்கவாட்டில் இருக்கும் துளையைத் தாண்டி ஓடிவிடப் பார்க்கும். ஒவ்வொரு வாயிலும் கொஞ்சம் வெளியேற வெளியேற, மிச்சக் காற்றின் வேகம் குறைகிறது. வேகம் குறையும் இடத்தில் அழுத்தம் ஏறுகிறது. டேனியல் பெர்னூலி 1738இல் தண்ணீரை வைத்து எழுதிய விதிதான். அதனால் குட்டையான, வழவழப்பான குழாயில் கடைசி வாய்க்கே கூடுதல் காற்று கிடைக்கலாம். குழாய் நீளமாக, சொரசொரப்பாக, கசிவோடு இருந்தால் உராய்வு வென்று கடைசி வாய் வறண்டுபோகும். ஒரு வண்டியில் எது நடக்கிறது என்பதைக் கையை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இழுவை வீடுகளில் இன்னொரு கோளாறும் உண்டு. கூரைக்குள் இருக்கும் காற்று வழி கடைசி வாயோடு நிற்காமல் வண்டியின் சுவர் வரை நீண்டு, அங்கே மூடப்படாமலே கிடக்கும். யாருமில்லாத அந்த மூலைக்கும் குளிர் போய்க்கொண்டே இருக்கும். கடைசி வாயை ஒட்டி ஒரு நுரைத்துண்டை வெட்டி அடைத்தால் தீர்ந்தது.

டிஷ்யூ அடைக்கும் பெண்மணியின் மேல் எனக்குக் குறையில்லை. முகத்தில் நேராகப் பனிக்காற்று அடித்தால் யாரும் அடைக்கத்தான் செய்வார்கள். ஆனால் பத்துப்பேர் அடைத்தால் குழாயின் அழுத்தம் ஏறுகிறது, ஏறிய அழுத்தம் இணைப்புகளின் சந்துகளில் இன்னும் வேகமாகக் கசிகிறது, சுருளின் மேல் ஓடும் காற்றும் குறைகிறது. காற்றுவாயை அடைப்பதைவிடச் சன்னல் பக்கமாகவோ நடைபாதைப் பக்கமாகவோ திருப்பிவிடுவது எல்லோருக்கும் நல்லது. அதற்கு அந்தத் திருகு வாய்கள் உடையாமல் இருக்க வேண்டும். பேருந்து நிறுவனங்கள் செய்ய வேண்டிய மிக மலிவான பழுதுபார்ப்பு அதுவாகத்தான் இருக்கும்.

சில பேருந்துகளில் கூரையிலிருந்து தோளில் தண்ணீர் சொட்டும். மழை ஒழுகுகிறது என்று நினைத்துக்கொள்வோம். மழையில்லாத நாளிலும் சொட்டுகிறதென்றால், சுருளுக்கு அடியிலுள்ள தண்ணீர்த் தட்டின் வடிகால் அடைபட்டிருக்கலாம், அல்லது கசிவே காரணமாகலாம். நம் ஊர்க் காற்றின் பனிப்புள்ளி பெரும்பாலும் 24 டிகிரி அளவில் இருக்கிறது. அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பும், அதை வெளிக்காற்று தொட்டால், வியர்க்கும். ஒரு சந்து வழியாகப் பீய்ச்சும் 13 டிகிரிக் காற்று உட்கூரைப் பலகையின் ஓரிடத்தைக் குளிர்விக்கிறது. மேலிருந்து நுழைந்த ஈரக்காற்று அங்கே தண்ணீராகிறது. பலகை ஊறி, கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணம் படர்ந்து, வண்டிக்குள் ஏறியதும் ஒரு முடைநாற்றம் அடிக்கும். வறண்ட அரிசோனாவில் கசிவு மின்கட்டணத்தோடு நின்றுவிடலாம். பினாங்கில் அது வண்டியின் மரத்தையும் பயணிகளின் மூச்சையும் சேர்த்துத் தின்கிறது.

கசிவைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. விசிறியை முழு வேகத்தில் வைத்து, ஓர் ஊதுவத்தியைக் கொளுத்திக் காற்றுவாய்களின் விளிம்பைச் சுற்றியும் கூரைப் பெட்டிக்கான துளையின் ஓரங்களிலும் மெல்லக் கொண்டுபோங்கள். புகை தள்ளப்பட்டால் குளிர்ப்பக்கக் கசிவு, உள்ளே இழுபட்டால் உறிஞ்சும் பக்கக் கசிவு. அடுத்து ஒரு வெப்பமானி. உறிஞ்சுவாயில் ஓர் அளவு, பெட்டிக்கு மிக அருகிலுள்ள காற்றுவாயில் ஓர் அளவு, கடைசி வாயில் ஓர் அளவு. உறிஞ்சலுக்கும் முதல் வாய்க்கும் எட்டு முதல் பதினொரு டிகிரி வேறுபாடு இருந்தால் இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது. வண்டிக்குள் ஈரம் மிகுந்திருக்கும் முதல் அரைமணியில் இது குறைவாகவே இருக்கும், பயப்பட வேண்டாம். முதல் வாய்க்கும் கடைசி வாய்க்கும் நடுவே நான்கைந்து டிகிரி ஏறியிருந்தால் குளிர் குழாயில்தான் தொலைகிறது. கேஸ் நிரப்ப ஆள் கூப்பிடுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது. அதற்கும் முன்னால் வடிகட்டியைக் கழுவிவிடுங்கள்.

அடைப்பதற்கு எதைப் பயன்படுத்துவது? கடைகளில் 'டக்ட் டேப்' என்று கிடைக்கும் சாம்பல்நிறத் துணி டேப்தான் கைக்கு முதலில் வரும். 1998இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் மேக்ஸ் ஷெர்மனும் இயன் வாக்கரும் பலவகை டேப்களையும் பூச்சுகளையும் குழாய் இணைப்புகளில் ஒட்டி, சூடும் குளிருமாகக் காற்றை ஓட்டிப் பார்த்தார்கள். மிக மோசமாகத் தோற்றது அந்தத் துணி டேப்தான். ரப்பர்ப் பசை காய்ந்து, டேப் சுருங்கி, இணைப்பு பிளந்துகொண்டது. குழாயில் தடவி உலரவிடும் மாஸ்டிக் பூச்சும், அக்ரிலிக் பசையுள்ள அலுமினியத்தாள் டேப்பும் தாக்குப்பிடிப்பவை. ஒட்டும் இடத்தின் தூசியையும் எண்ணெயையும் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த பின் ஒட்டி, மேலே அழுத்தித் தேய்க்க வேண்டும். ஈரத்தின் மேல் ஒட்டிய டேப் நம் ஊரில் ஒரு மாதம்கூட நிற்காது. கை நுழையாத நீண்ட குழாய்களுக்கு இன்னொரு வழி, அதே ஆய்வகத்தில் மார்க் மொடேராவின் குழு 1990களில் உருவாக்கியது. காற்றுவாய்களை எல்லாம் மூடிவிட்டு, பசைத் துகள்கள் கலந்த காற்றைக் குழாய்க்குள் அழுத்தத்தோடு செலுத்துகிறார்கள். காற்று சந்துகளின் வழியாக மட்டுமே தப்ப முடியும் என்பதால், திரும்ப முடியாத துகள்கள் சந்தின் விளிம்பில் மோதி ஒட்டிக்கொண்டு அதை மூடிவிடுகின்றன. கட்டடங்களுக்கு அருமையான முறை. ஒரு கேம்பர்வேனுக்கு ஒரு பிற்பகல் கைவேலையே போதும்.

வேலையை விசிறிக்குப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் அழுத்தம் மிகுந்திருப்பது அங்கேதான், அங்கே மூடும் ஒரு சதுர சென்டிமீட்டர் கடைசி வாயில் மூடும் இரண்டுக்குச் சமம் ஆகலாம். நடுத்தடுப்பு, கூரைப் பெட்டியும் குழாயும் சேரும் இடம், அப்புறம் காற்றுவாய்களின் சட்டங்கள். இவ்வளவும் முடிந்த பிறகு தெர்மோஸ்டாட்டை 25 டிகிரியில் விட்டுப் பாருங்கள். கட்டடங்களுக்கான மலேசியத் தரமான எம்.எஸ். 1525 பரிந்துரைப்பதும் 24 முதல் 26 வரைதான். உடலின் மேல் காற்று கொஞ்சம் நகர்ந்துகொண்டிருந்தால் இரண்டு டிகிரி கூடுதலும் சுகமாகவே இருக்கும். காற்றோட்டத்தைச் சரிசெய்தவருக்கு 18 டிகிரி தேவைப்படாது.

மூட வேண்டியது குழாயை. வண்டியை முழுக்க மூடிவிடக் கூடாது. உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் மணிக்கு ஏறத்தாழ 18 லிட்டர் கரியமில வாயுவை வெளியிடுகிறார். 30 பேர் இருக்கும் பேருந்தின் உள்ளளவு 50 கன மீட்டர் என்றால், வெளிக்காற்று வராவிட்டால் ஒரு மணி நேரத்தில் அந்த வாயு ஒரு விழுக்காட்டைத் தாண்டும். தலைவலியும் தூக்கக்கலக்கமும் தொடங்கும் அளவு அது, ஓட்டுநருக்கும் சேர்த்து. அதனால்தான் பேருந்துகளில் வெளிக்காற்றுக்குத் தனி மடல் வைக்கிறார்கள். அது தெரிந்து திறக்கும் வழி, வேண்டிய அளவு மட்டும் வரும், வடிகட்டியைத் தாண்டி வரும். கூரைச் சந்து வழியாக வரும் 55 டிகிரிக் காற்று அந்த வேலையைச் செய்யாது. கேம்பர்வேனுக்குள் கேஸ் அடுப்பு வைத்திருப்பவர்கள், டேப் வாங்கும் அதே நாளில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றும் வாங்கிப் படுக்கைக்கு அருகில் பொருத்திக்கொள்ள வேண்டும். சமைக்கும்போது கூரைச் சன்னல் திறந்திருக்கட்டும், ஏர்கோன் ஓடினாலும்.